கோளாறு காலில்தான்

மார்ச் 1, சனி

இதை எழுதச் சொன்னது என் மகள் ஆவுடைச்செல்வி. தூத்துக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறாள். போன ஞாயிறு வந்திருந்தபோது, நான் குளித்துவிட்டு நடந்த ஈரத்தடத்தைச் சிமெண்டுத் தரையில் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா, உங்க பாதத்துல உள்வளைவே இல்ல. செங்கல்ல வச்ச மாதிரி முழுசா பதிஞ்சிருக்கு" என்றாள். வேறு யாராவது இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காரணம் உண்டு. தை மாதம் தங்கப்பழம் அண்ணாச்சிக்குச் சேவிங் போடும்போது காதோரத்தில் கத்தி பட்டுவிட்டது. கருப்பட்டி வியாபாரி, என் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலியில் உட்காராத மனுஷர். படிகாரம் வைத்தேன், ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மனசு நிற்கவில்லை. கத்தி எப்படி நழுவியது என்று ராப்பகலாக யோசித்தேன். இப்போது விடை கிடைத்துவிட்டது. பாதம் தட்டை. தட்டையான பாதத்தில் நிற்பவன் ஆடுவான். ஆடுகிறவன் கையும் ஆடும். "அப்படித்தானே?" என்று செல்வியிடம் கேட்டேன். "ஆடலாம்..." என்று இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குத் தேவையில்லை.

ஒரு ஜோடி இன்சோல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஷூவுக்குள் வைக்கிற அட்டை. நடுவில் உள்வளைவைத் தாங்க ஒரு மேடு. முதல் நாள் கொஞ்ச நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போக வேண்டும். தினமும் காலையில் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போது தள்ளாடுகிறது என்று எழுத வேண்டும். வந்து படிப்பாளாம். உரக்கடையில் என்றைக்கோ கொடுத்த பழைய டைரி அகப்பட்டது.

பங்குனி உத்திரத்துக்குள் கால் சரியாகியாக வேண்டும். அன்றைக்குத்தான் பேரன் நவிலனுக்கு அவனுடைய அப்பா வீட்டுச் சாஸ்தா கோவிலில் முதல் மொட்டை. முதல் கத்தி என் கத்திதான் என்று அவன் பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லிவிட்டேன். சம்பந்தியும் எங்கள் தொழில்தான், ஏசி சலூன் வைத்திருக்கிறார். அவரே விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்ததை அவர் கையில் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கடையில் கூட்டம். இன்சோல் போடவில்லை. போட என்னிடம் ஷூ ஏது?

மார்ச் 4, செவ்வாய்

கடை விடுமுறை. ஷூவுக்காக எதற்குக் காசைக் கரியாக்க வேண்டும் என்று ஒரு யோசனை செய்தேன். ரப்பர் செருப்பின் மேல் இன்சோலை வைத்து, வார் வருகிற இடத்தில் ஓட்டை போட்டு, சைக்கிள் கடையில் பஞ்சர் சொல்யூஷன் வாங்கி ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பஜார் வரைக்கும் நடந்தேன். காய்கறிக் கடை முன்னால் இடது அட்டை தனியாகக் கழன்று போக, செருப்பு தனியாகப் போக, நான் தனியாகப் போனேன். வெண்டைக்காய்ச் சாக்கு பிடித்துக்கொண்டது.

என் மனைவி சண்முகக்கனி செல்விக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது எனக்கே கேட்டது. "அம்மா, அது ஷூக்குள்ள வைக்கிறதும்மா. செருப்புல ஒட்டுனா வழுக்கத்தான் செய்யும்." கடைசியில் அவளே வேறு ஜோடி அனுப்புவதாகச் சொன்னாள். ஓட்டை போட்ட ஜோடியைக் கனி எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மிக்கு அடியில் வைக்கலாமாம்.

மார்ச் 7, வெள்ளி

இசக்கிதுரை கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தான். இசக்கி கனியின் தம்பி. கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது. இருபது வருஷமாக என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறான். "அத்தான், அளவு சரியா இருக்கா பாருங்க" என்று என் காலடியில் உட்கார்ந்து அவனே நாடாவைக் கட்டிவிட்டான். "நான் கட்ட மாட்டேனா?" என்றேன். "நேரமாயிட்டுல்லா" என்றான்.

செல்வி அனுப்பின புது இன்சோலை உள்ளே வைத்துப் போட்டு நின்றால், ஒவ்வொரு காலடியிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. உடம்பு வெளிப்பக்கமாகச் சாய்கிறது. முன்னைவிட அதிகமாகத் தள்ளாடுகிறேன். முதலில் அப்படித்தான் இருக்கும், உடம்பு புது நிலைக்குப் பழக வேண்டும் என்று செல்வி முன்பே சொல்லியிருந்தாள்.

கடையில் ஒரே கிண்டல். "என்ன அண்ணாச்சி, போலீஸ் செலக்சனுக்கா?" என்று ஒருத்தன். "ஷூவெல்லாம் சரி, அந்தத் தாடிய எடுக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் வழிக்கிற ஆளு!" என்று இன்னொருத்தன். சாஸ்தாவுக்கு வேண்டுதல் என்றேன். அதற்கு மேல் யார் பேச முடியும்?

இன்று மிஷின் கட்டிங் மட்டும் செய்தேன். மேகம் போட்டிருந்ததால் வெளிச்சம் போதவில்லை. கத்தி வேலையெல்லாம் இசக்கிக்குத் தள்ளிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. துண்டை உதறிப் போட்டு, "வாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

"ஒண்ணும் அவசரமில்லவே கொம்பையா. இசக்கி கை ஒழியட்டும்."

இசக்கி என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. இருந்த தலையையே வெட்டிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அந்தப் பேப்பரை ராசிபலன் வரைக்கும் படித்தார்.

எனக்கு வலித்தது, செல்வி. கால் இல்லை, வேறு இடம். நீ கால் வலியைத்தான் எழுதச் சொன்னாய் என்பதால் இதை இதோடு விடுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

கனி கஞ்சியைச் சூடாகக் கொடுத்துவிட்டாள். சட்டையெல்லாம் கொட்டிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

நல்ல நாள். காலையில் கனி குக்கரை ஏற்றியதும் நான் அடுப்படி வாசலில் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தேன். போன வாரம் ஆவி வருவதற்கு முன்பே கால் தரைக்கு வந்துவிட்டது. இன்று முதல் விசில் வரைக்கும் நின்றேன். கனி அடுப்பையே பார்த்துக்கொண்டு, "கொக்குக்கு ஒரு மீனும் வரலையா இன்னும்?" என்றாள். பேசாதே என்று சைகை காட்டினேன். சைகை காட்டினபோதும் விழவில்லை.

எலுமிச்சம்பழம் போய்விட்டது. இப்போது காலுக்கடியில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தாங்குகிற மாதிரி இருக்கிறது. சாயங்காலம் கணுக்காலில் வழக்கமாக வருகிற குடைச்சலும் இல்லை. பொய் சொல்லக் கூடாது, இது நல்ல சாமான்தான்.

டீக்கடையில் இனிமேல் எனக்கு அரை கிளாஸ் போதும் என்று சொல்லிவிட்டேன். சர்க்கரையைக் குறைக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

செல்வி பேரனோடு வந்தாள். இந்த டைரியைப் புரட்டி அங்கங்கே சிரித்தாள். ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பரிசோதித்தாள். வெறுங்காலோடு ஒருமுறை, இன்சோலோடு ஒருமுறை, கண்ணை மூடி ஒருமுறை நிற்கச் சொன்னாள். தோளை லேசாகத் தள்ளிப் பார்த்தாள்.

"நல்ல வித்தியாசம் இருக்குப்பா. எல்லாருக்கும் இது இப்படி ஒத்து வராது. உங்களுக்கு வந்திருக்கு. ஸ்டெடியா நிக்கிய."

"நான்தான் சொன்னேம்லா" என்றேன். கனியைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இப்ப இப்படி உக்காருங்க. கைய முன்னால நீட்டுங்க."

"கைக்கு என்ன?"

"சும்மா பாக்கேன். இந்தத் தம்ளர்ல தண்ணி இருக்கு. எடுத்துக் குடிங்க பாப்போம்."

எனக்குத் தாகமில்லை. பேரன் காக்காயைப் பார்க்க வேண்டும் என்று கையை நீட்டினான். அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அவன் அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்று செல்வி சொன்னாள். பத்து மாதக் குழந்தை கேட்பது தாத்தாவுக்குத்தான் புரியும்.

என்ன முடி அவனுக்கு! கருகருவென்று சுருள். விரலை விட்டால் உள்ளே தொலைந்துவிடுகிறது. உச்சிக்குழி இன்னும் முழுசாக மூடவில்லை. விரலை வைத்தால் துடிக்கிறது. அந்த இடத்தில் கத்தி வருகிறபோது மூச்சுக்கூட விடக் கூடாது. நான் எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறேன்! ஒரு பிள்ளை அழுததில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை.

கிளம்பும்போது செல்வி, "கோயில்ல மொட்ட போடுத ஆள் இருக்காவல்லாப்பா..." என்று ஆரம்பித்தாள். நான் கத்திவிட்டேன். பேரன் அழுதான். அவள் பஸ் ஏறும்வரை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ராத்திரி கனி ஒன்று கேட்டாள். "கோயிலுக்குள்ள ஷூவோடயா போவிய? மொட்டை உக்காந்துல்லா போடுவாவ?"

தூக்கம் வருகிறது என்றேன்.

மார்ச் 19, புதன்

தூக்கம் வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சந்தையில் ஒரு தடியங்காய், வெள்ளைப் பூசணி, வாங்கினேன். பிஞ்சாகப் பார்த்து, மேலெல்லாம் பூனைமுடி மாதிரி சுணை இருக்கிறதாக எடுத்தேன். கடைக்காரன் நல்ல முற்றினதைக் காட்டினான். கூட்டுக்கு அதுதான் ருசி என்றான். எனக்கு வேண்டியது ருசி இல்லை.

மத்தியானம் கனி தூங்கினபோது கொல்லையில் துவைக்கிற கல் மேல் அதை வைத்து, ஷூவை மாட்டி நின்று, தண்ணீர் தெளித்து, புது பிளேடு போட்டு வழித்தேன். சுணை சுத்தமாக வந்தது. இரண்டு மூன்று இடத்தில் தோலில் இறங்கிவிட்டது. துவைக்கிற கல் சரிவு.

மார்ச் 22, சனி

கூட்டு வைக்கத் தடியங்காயை எடுத்த கனி வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு யாரு சேவிங் போட்டா?" என்றாள்.

"எலியா இருக்கும்."

"எலிக்கு எங்கன பிளேடு?"

நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்னொரு தடியங்காய். இந்த முறை தரை மட்டமான இடத்தில் நின்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லா வேளையும் தடியங்காய்.

உடம்பு ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. ஷூவை மாட்டிக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். கால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 28, வெள்ளி

இசக்கி ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தான். நான் மட்டும். தங்கப்பழம் அண்ணாச்சி வந்து வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பிறகு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்கு வரன் பார்க்கப் போகிறாராம், ஒத்திப்போட முடியாதாம்.

நுரை பூசினேன். ஷூவுக்குள் பாதம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடது காலில் பாதி, வலது காலில் பாதி என்று உடம்பு சமமாக இறங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு ஆடாமல் நின்றதில்லை. அதை எழுதியாக வேண்டும், செல்வி, நீ கேட்டது அதுதான். ஒரு மயிரளவு ஆடவில்லை.

கத்தியை எடுத்துக் கிருதாவுக்குக் கீழே கொண்டுபோனேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. கத்தியை எடுத்துத் துடைத்தேன். மறுபடி கொண்டுபோனேன். மறுபடி துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, இப்ப மிஷின்லயே ஒட்ட எடுத்துரலாம். அதுதான் இப்ப பேஷன்" என்றேன்.

"செய்யும்வே" என்றார். கண்ணைத் திறந்தார். நாற்காலிக் கையை விட்டார்.

போகும்போது, "ஷூ உமக்கு நல்லா இருக்குவே" என்றார். நல்ல மனுஷர். வெட்டு எதுவும் விழவில்லை. கால் நல்ல நிலையில் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

என் பெரியப்பா ஞாபகமாகவே இருக்கிறது. அவருக்கும் இப்படித்தான்.

"இப்படித்தான்" என்று எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். பெரியப்பாவுக்குக் கால் நன்றாக இருந்தது. அவர் கையிலிருந்து கத்தியை யாரும் பிடுங்கவில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லியே வாங்கிவிட்டார்கள். பிறகு கடை மூலையில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் மழை, வெயில் பற்றி மட்டும் பேசினார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மழையைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுகிற ஊரில் நான் எப்படி இருப்பேன்?

ஏப்ரல் 2, புதன்

இன்சோல் நாள் முழுக்க. வலி இல்லை. தள்ளாட்டம் இல்லை.

ஏப்ரல் 5, சனி

கடை சாத்துகிற நேரத்தில் இசக்கி ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டான்.

"அத்தான், ஒரே ஒருதடவ இதுல உக்காந்து என் தாடிய வழிச்சு விடுங்க. நான் கீழ உக்காந்துக்கிடுதேன்."

"என்னத்துக்கு?"

"கால்தான் காரணம்னா, உக்காந்தா கை நிக்கணும்லா. நின்னுட்டா எனக்கும் சந்தோசம், அக்காவுக்கும் சந்தோசம். உத்திரத்தன்னைக்குப் பிள்ளைய மடியில வச்சிருக்கப் போறது நானு. செல்விக்குக் கூடப்பிறந்தவன் இல்லன்னு அந்தத் தாய்மாமன் மொறைய நான் செய்யுதேன். எனக்குத் தெரியணும் அத்தான்."

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என் கடையில் என்னை உட்காரச் சொல்ல நீ யார் என்று கேட்டேன். இந்தக் கத்தியை உனக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்றேன். ஏசி சலூன்காரரோடு சேர்ந்துகொண்டாயா என்றும் கேட்டேன். கடைசியாகச் சொன்னது அநியாயம். சொல்லும்போதே தெரிந்தது.

அவன் ஸ்டூலை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தரையைக் கூட்டிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 7, திங்கள்

இசக்கி வந்தான், வேலை பார்த்தான், போனான். "அத்தான்" என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

விடுமுறை. கடைக்குத் தனியாகப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஷூவைக் கழற்றி, இன்சோலையும் வெளியே எடுத்து, வெறுங்காலோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் தடியங்காய்.

மத்தியானம் கூட்டு. நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கனி பொங்கல் பானை, பூஜைச் சாமான், பேரனுக்குப் புதுத் துணி எல்லாம் கட்டி வைத்துவிட்டாள். நான் என் பெட்டியில் கத்தி, பிளேடு, கிண்ணம், சந்தனம் வைத்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"இசக்கியும் அவன் கத்திய எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள். சாதாரணமாக, மஞ்சள்பொடி எடுத்தாயா என்று கேட்கிற மாதிரி.

"ஒரு மொட்டைக்கு எத்தனை கத்தி?" என்றேன்.

அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வி, நான் நாளைக்குப் போடத்தான் போகிறேன். கோவிலில் மனசு அடங்கும். மனசு அடங்கினால் எல்லாம் அடங்கும்.

ஏப்ரல் 12, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

சாஸ்தா கோவில் தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. சிவப்பு மணல். வேன் நின்ற இடத்திலேயே எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நானும் ஷூவைக் கழற்றி வேனுக்கு அடியில் வைத்தேன். மணலில் பாதம் புதைந்து, ஒரு மாதம் பழகின தெம்பெல்லாம் நாலு எட்டிலேயே போய்விட்டது. தள்ளாடினேன். இசக்கி என் முழங்கையைப் பிடித்தான். அஞ்சாம் தேதிக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டது அப்போதுதான். நான் உதறவில்லை.

கோவில் முன்னால் வேப்பமரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். சம்பந்தி எனக்காகத் தலையணை போட்டு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். "சம்பந்தி கையால நடக்கட்டும்" என்று சுற்றி நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். இசக்கி சம்மணம் போட்டு உட்கார, செல்வி பேரனை அவன் மடியில் வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். பேரன் தலையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சுருளெல்லாம் படிந்து மண்டையோடு ஒட்டிக்கொண்டது. குளிர்ச்சிக்கு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கத்தியை எடுத்தேன்.

நான் பூமியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கீழே ஆடுவதற்கு எதுவும் இல்லை. கால் இரண்டும் மடங்கிச் சும்மா கிடந்தன, ஒரு மாதமாக நான் பழி போட்ட கால்கள். கத்தி பேரனின் நெற்றியை நோக்கிப் போகப் போக, வெயில் அதன் முனையில் பட்டு அவன் முகத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி குதித்தது. அவன் அதைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

இசக்கி பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான், ஆனால் என் கையைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நான் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

கத்தியை மடக்கினேன்.

"இசக்கி, எடம் மாறிக்கிடுவோம்" என்றேன்.

"என்ன ஆச்சு சம்பந்தி?" என்றார் அவர். எல்லாரும் பார்த்தார்கள். கால் வலி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"கை நடுங்குது சம்பந்தி. ஒரு வருசமா நடுங்குது."

சொன்ன பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை. குலவை போடக் காத்திருந்த கிழவி ஒருத்தி "அய்யோ பாவம்" என்றாள். அது ஒன்றுதான் பொறுக்க முடியவில்லை. சம்பந்தி சட்டென்று சட்டைக் கையை மடக்கினார், தானே போடலாம் என்று. இசக்கி அவரைப் பார்த்து, "அத்தான் என்னையத்தாம்லா சொன்னாவ" என்றான். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

என் கத்தியை இசக்கியிடம் கொடுத்தேன். பேரன் என் மடிக்கு வந்தான். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். கை ஆடியது, தலையும் சேர்ந்து ஆடியது. "நான் வேண்டாம், வேற யாராவது பிடிங்க" என்றேன்.

"நீங்கதான் பிடிக்கணும்" என்றான் இசக்கி. "முழங்கையத் தொடையில ஊனிக்கிடுங்கத்தான். அப்படித்தான், நல்லா அழுத்தி. ஆங்."

ஊன்றினேன். நின்றது. அவன் முதல் வழிப்பு வழித்தான். ஈர முடி என் மணிக்கட்டில் விழுந்தது. பேரன் ஊரே கேட்கிற மாதிரி அழுதான். உச்சிக்குழிக்குக் கத்தி வந்தபோது இசக்கியும் மூச்சை அடக்கினான், நானும் அடக்கினேன். ஒரு கீறல் இல்லை. சந்தனம் பூசினது நான். சந்தனம் பூச நடுக்கம் ஒரு தடையில்லை.

வேனுக்குத் திரும்பும்போது செல்வி என் பக்கத்தில் நடந்தாள். எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "உனக்கு எப்பட்டி தெரியும்?"

"தை மாசமே தெரியும்ப்பா. கஞ்சியக் கரண்டில குடிக்காமச் சட்டியோட தூக்கிக் குடிச்சிய. பாதமும் தட்டதான், அதுவும் நெஜம். கால் சரியாயிட்டா நீங்களே கையப் பாப்பியன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்து, "மருந்து இருக்கு. முழுசா நின்னுரும்னு சொல்ல மாட்டேன். கொறையும். செவ்வாக்கிழம டாக்டர்ட்ட போவோம்" என்றாள்.

போவோம் என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்குச் சித்திரை முதல் நாள். கடையில் நிற்க இடமில்லை. மிஷின் கட்டிங் எல்லாம் நான், கத்தி எல்லாம் இசக்கி. பலகை எழுதி மாட்டவில்லை, ஆனால் வருகிறவர்களுக்கு அவர்களாகவே தெரிந்துவிட்டது. யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சி முடியை எனக்குக் கொடுத்தார், தாடியை இசக்கிக்குக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் தனித்தனியா துட்டு கேக்காதியவே" என்றார்.

கால் கணக்கு: காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றேன். இன்சோல் போட்டிருந்தேன். வலி இல்லை, ஆட்டம் இல்லை. இந்தக் கால்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கூட்டம் ஓய்ந்த பிறகு நான் இசக்கியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் கடையின் கூரையில் இவ்வளவு ஒட்டடை இருப்பது தெரிகிறது. அவன் கையில் துண்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேண்டுதல் முடிஞ்சிட்டா அத்தான்?"

"ஒரு வேண்டுதலும் இல்லலே. எனக்கு வழிக்க முடியல, அவ்வளவுதான். போடு."

துண்டை என் கழுத்தைச் சுற்றிப் போட்டான். நுரை பூசினான். கத்தி காதோரம் வந்ததும் என் கை, தானாகவே, நாற்காலிக் கையை இறுகப் பிடித்தது. அவன் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். நான் முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊருக்கே சொன்னதை என்னிடம் சொன்னான்.

"அசையாம இருங்கத்தான்."

இருந்தேன்.